நான் திறக்காத கதவு

நாவலப்பிட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம். அதன் உச்சியில் குளவிக்கூடு இருந்தது எங்களுக்குத் தெரியும்; அதுபாட்டுக்கு இருந்தது. போன மாதம் ஒரு காலையில் பருந்து ஒன்று அதைக் கலைத்துவிட்டது. நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் கண்டது பக்கத்து வீட்டுச் செல்வி அக்காதான்.

“குளவி! உள்ள ஓடு தங்கச்சி!”

கத்திக்கொண்டே ஓடிவந்தவர், கொடியில் கிடந்த ஈரப் போர்வையை உருவி என் தலையில் போட்டு, என்னை வாசலுக்குள் தள்ளினார். உள்ளே விழுந்த நான் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

அக்கா வெளியே நின்றார்.

“கதவத் தொற தங்கச்சி!” என்று தட்டினார். கேட்டது. நன்றாகவே கேட்டது. கதவில் முதுகைக் கொடுத்து, காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். தட்டுவது நின்ற பிறகும் திறக்கவில்லை. ரோட்டில் போன யாரோதான் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் முகம் வீங்கி, கண்கள் மூடிக்கிடந்தன. அவருடைய கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் குரலைக் கேட்டதும் அக்கா கையால் துழாவி என் விரல்களைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொன்னார்:

“அவளக் கோவிக்காதீங்க. உள்ள பச்சப்புள்ள இருந்திச்சே, எப்புடித் தொறப்பா?”

என் பிள்ளை அன்று என் அம்மா வீட்டில் இருந்தான்.

“ஆமாக்கா” என்றேன்.

கதவை மூடியது குளவிக்குப் பயந்து என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த வார்டில் ஒரு குளவிகூட இருக்கவில்லை.