அக்காவின் கார் சுழன்ற அன்று

கைப்பேசித் திரையில் சாம்பல் நிறத் தார்த்தடம் எங்களை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. சட்டென்று அது பக்கவாட்டில் சுழன்றது. புல், வானம், மறுபடியும் தார், பிறகு வெறும் கறுப்பு. முதலியார்பேட்டை வீட்டின் கூடத்தில் நானும் அம்மாவும் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அக்கா பிரான்சில் ஒரு பந்தயக் கார் பட்டறையில் வேலை பார்க்கிறாள். வாங்கியவரிடம் ஒப்படைக்கும் முன் காரை ஓட்டிச் சோதிப்பதும் அவள் பொறுப்புதான். பள்ளி நாளில் படத்தை வெட்டி பீரோவுக்குள் ஒட்டி வைத்திருந்தாளே, பெரிய எஞ்சின் வைத்த அந்தப் பழைய அமெரிக்க மசில் காரின் புதிய வடிவம் அன்று வந்திருந்தது. பந்தயத் தடத்துக்கென்றே செய்த வண்டி. பின் இருக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் கூண்டு, பின்னால் மேசை அகலத்துக்கு ஓர் இறக்கை. "இது ரோட்டுக்கே போவாதும்மா. எதிர்ல ஒரு வண்டி வராது, பயப்படாத" என்று சொல்லி, ஃபோனைக் காருக்குள் மாட்டி எங்களுக்குக் காட்டிக்கொண்டே கிளம்பினாள். லாரி ஓட்டப் போன அப்பா திண்டிவனம் ரோட்டில் விபத்தில் இறந்ததிலிருந்து, நாங்கள் பஸ்ஸில் கடலூர் போனால்கூடத் திரும்பும்வரை அம்மா வாசலிலேயே நிற்பாள்.

திரை கறுத்ததும் அக்காவைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்பாவின் செய்தியோடு போலீஸ்காரர் படியேறி வந்த சத்தம் எனக்குள் கேட்டது. அம்மா அழவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்தாள், ஒரு மணிகூட நகரவில்லை. "வேணான்னு சொல்லியிருக்கலாம்டி" என்றாள். தெருவில் எவனோ பைக்கை முறுக்கிக்கொண்டு போக, இருவருக்கும் ஒன்றாகத் தூக்கிவாரிப்போட்டு அடங்கியது.

ஃபோன் அடித்தபோது எடுக்க எனக்குக் கை வரவில்லை. அக்காவின் எண்தான். ஆனால் பேசுவது வேறு யாராவதாக இருந்துவிட்டால்? அம்மா எட்டி அழுத்தினாள்.

"சவா, சவா... நல்லாத்தான் இருக்கேன்" என்றது அக்காவின் குரல், பாதி பிரெஞ்சில். "டயர் சூடானாத்தான் தடத்துல பிடிக்கும், அதுக்குள்ள அவசரப்பட்டு மிதிச்சிட்டேன். சுத்திப்போய் சரளைக் கல்லுல நின்னுடுச்சி. ஃபோன் சீட்டுக்கடியில விழுந்துடுச்சி." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கை நடுங்குதும்மா. நிக்கவே மாட்டேங்குது." அவள் அப்படிச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

"எறங்கி வந்துடு பாப்பா" என்றாள் அம்மா.

"இப்ப எறங்குனா இனிமே ஏறவே மாட்டேம்மா."

அம்மா ஜெபமாலையை மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "நடுக்கம் நின்ன பொறவு ஏறு. எங்களுக்கு ஒண்ணும் காட்ட வேணாம். முடிச்சிட்டுக் கூப்புடு."

இப்போதெல்லாம் அக்கா தடத்துக்குப் போகும் நாளில், காரை விட்டு இறங்கியதும் கூப்பிடுகிறாள். அந்த அழைப்பை எடுக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அம்மாதான் எடுக்கிறாள்.