நாலாவது மாடிக் காய்கறி

கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்துவிட்டு, அங்கிருந்தவர்களைப் புறவழிச் சாலைக்கு அப்பால் கட்டிய அடுக்குமாடிகளுக்கு மாற்றியபோது, குலுக்கலில் அவளுக்கு விழுந்தது நாலாவது மாடி. லிஃப்ட் இருந்தது, ஓடியதில்லை. கணவர் போய் ஆறு வருடமாகியிருந்தது. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். பழைய இடத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டிக்கொண்டு இருந்தவர்கள் இங்கே மூலைக்கொருவராகச் சிதறிப் போயிருந்தார்கள்.

அவளுக்கு வேலை மொத்தக் காய்கறிச் சந்தையில். விடியும்போதே போய்க் கொட்டகையில் உட்கார்ந்து, குவித்த தக்காளியில் அழுகலைப் பொறுக்கித் தள்ள வேண்டும். மதியம் திரும்பி வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் பஸ்ஸில் ஏறி, "சந்தை ஒண்ணு" என்று கண்டக்டரிடம் சொல்லும்வரை வாய்க்கு வேலையே இருக்காது. சில நாள் அந்த இரண்டு சொல்லும் தொண்டையைச் செருமிய பிறகுதான் வெளியே வரும்.

அந்தக் குடியிருப்பில் ஆயிரம் குடும்பம், கடை ஒன்றே ஒன்று. வாசலில் சிப்ஸ் பொட்டலங்கள் தோரணமாகத் தொங்கும். உள்ளே பிஸ்கட், நூடுல்ஸ், கலர் பாட்டில்கள். காய் என்று கேட்டால் முளைவிட்ட உருளைக்கிழங்கையும் ரப்பராய் வளையும் கேரட்டையும் காட்டுவார்கள். விலையோ சந்தையைப்போல இரண்டு மடங்கு. கடைக்காரரைக் கேட்டால், "பஸ் ஏறிச் சந்தைக்கே போய் வாங்கிட்டு வாங்களேன், யாரு வேணாங்கறா?" என்பார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பொட்டலம் அழுகாது, காய் அழுகும்.

தரைத்தளத்தில் ஒரு டெய்லர் இருந்தார். அவருக்குச் சர்க்கரை. ஒருநாள் அவள் படியேறப் போகும்போது, சுகாதார நிலையத்து நர்ஸ் அவரைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"பிஸ்கட்ட விடுங்கண்ணே. கீரை சாப்பிடுங்க, காய் சாப்பிடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சாப்பிடலாம் சிஸ்டர். பச்சைத் துணி நிறையக் கெடக்கு. கீரை மாதிரி வெட்டித் தச்சுக்கட்டுமா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருவரும் திரும்பிப் பார்த்ததும், கையும் களவுமாகப் பிடிபட்டவள்போலத் தன் பையிலிருந்த கீரைக்கட்டை எடுத்துத் தையல் மெஷின்மேல் வைத்தாள்.

"சந்தையிலதான் வேலை. நாளைக்கும் கொண்டாரவாண்ணே?"

அப்படித்தான் தொடங்கியது. டெய்லருக்கு ஒரு கட்டு, அவர் தங்கச்சி வீட்டுக்கு ஒரு கட்டு, பிறகு எதிர் வீடு, பக்கத்து பிளாக். மூன்றே மாதத்தில் பை மூட்டையாகிவிட்டது. வாங்கிய விலைக்கே கொடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா, இது பஸ்ஸா, லாரியா?"

"மடியிலயே வச்சுக்கறேன் தம்பி, யாருக்கும் இடிக்காது."

"அதுக்குப் பின்னாடி நீங்க இருக்கறதே தெரியலையேம்மா!" என்று சொல்லிவிட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மூட்டைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். குடியிருப்பில் அவளுக்கு மூட்டையக்கா என்று பேர் வந்தது. தன் வியாபாரம் பாதியாகிவிடுமோ என்று கடைக்காரர் மட்டும் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு அவர் மனைவியே பீன்ஸ் வாங்க மேலே வந்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைத் திறந்து, நடையில் சாக்கு விரித்துக் காய்களைப் பரப்புவாள். ஐந்துக்குள் நிற்க இடமிருக்காது. காய் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம். ஆனால் வந்தவர்கள் இலேசில் நகர மாட்டார்கள். மருமகள் பேசாதது, மாப்பிள்ளை பேசியது, குழாயில் தண்ணீர் வராதது எல்லாம் பூசணிக் கீற்றுக்கும் முட்டைக்கோஸுக்கும் நடுவே வந்து விழும். டெய்லர் மூச்சிரைக்க ஏறி வந்து, "அக்கா, உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள சாப்பிட்டதெல்லாம் செரிச்சுப் போகுது" என்று சொல்லிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொள்வார். அவள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போட்டாள். எல்லோரும் போன பிறகும் வீட்டில் கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம் தங்கியிருப்பதுபோல இருக்கும். அந்த நேரத்தில்தான் அவள் சமைப்பாள்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பலருக்கும் சர்க்கரை குறைந்திருப்பதைப் பரிசோதனைச் சீட்டுகளில் பார்த்த நர்ஸ், இதை இப்படியே விட்டுவிடக்கூடாது என்று நகராட்சிக்கு எழுதிப் போட்டாள். அதிகாரி நேரில் வருவதாகப் பதிலும் வந்தது.

"உங்க வீட்டையே காய்கறி நிலையமா பதிஞ்சுடலாங்கா. மூட்டைய அவங்க வண்டியே கொண்டாந்து இறக்கிடும். நீங்க இருந்த எடத்துல இருந்து குடுத்தாப் போதும்" என்றாள் நர்ஸ். அவளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

அதிகாரி வருவதற்கு முந்திய நாள், கூட்டம் கலைந்தபின் குப்பையைக் கொட்டக் கீழே இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி படியில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் வெறும் பை.

"ஏம்மா இங்க உக்காந்திருக்க?"

"உங்க வீட்டுக்குத்தாங்கா. மூணாவது தடவையா வர்றேன். இதுக்கு மேல ஏற முடியல. திரும்பிடறேன்."

"குரல் குடுத்திருக்கலாமே?"

"மேல ஒரே சிரிப்புச் சத்தம். கேட்டிருக்காதுக்கா."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக வீட்டில் விட்டு, மீந்த காயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஏறி வராதவர்கள் யார் யார் என்று அன்றுதான் யோசித்தாள். முட்டி வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், எட்டாவது பிளாக்கின் கண் தெரியாதவர். அவர்களெல்லாம் பிஸ்கட்டைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் அதிகாரி அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா, என்ன வேணும்?" என்று கேட்டார்.

"வண்டி வேணுங்கய்யா. ஒவ்வொரு பிளாக் வாசல்லயும் நின்னு குடுக்கணும். என் வீடு வேணாம்."

நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். படியிறங்கும்போது மெதுவாகக் கேட்டாள். "நல்லா யோசிச்சுத்தான் சொன்னீங்களாக்கா?"

"நாலு மாடி ஏறித்தான் ஒருத்தி கீரை திங்கணுமா சிஸ்டர்?"

வண்டி வந்தது. செவ்வாயும் வெள்ளியும், ஒலிபெருக்கியில் காய்களின் பேரைச் சொல்லிக்கொண்டே வரும். விலை அவளுடையதைவிடக் கொஞ்சம் குறைச்சல்கூட. முதல் நாள் அவள் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். கைக்குழந்தைக்காரிகள் சூழ்ந்து நின்றார்கள். கண் தெரியாதவர் ஒரு தக்காளியைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண் நிறைந்தது. உள்ளே போய் உட்கார்ந்தாள். நாலு மணிக்குப் பழக்கத்தில் கதவைத் திறந்து வைத்தாள். ஆறு மணிக்குச் சாத்தினாள்.

யாரும் அவளை மறக்கவில்லை. எதிரே வந்தால், "எப்படி இருக்கீங்கக்கா?" என்று வாய் நிறையக் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போனார்கள். வண்டியருகே ஒருநாள் டெய்லரைப் பார்த்தாள். ஆள் இளைத்து, முகம் தெளிந்திருந்தது.

"சர்க்கரை நல்லா கொறைஞ்சிருக்குக்கா! மாடிதான் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, கால்ல புண்ணு. உங்களப் பாக்கவே முடியறதில்ல."

"அதுக்கென்னண்ணே, கால்தான் முக்கியம்."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு, துணி காத்துக்கிடக்கிறது என்று போய்விட்டார்.

நாலு மாதம் நாலு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள். பிறகு சந்தை மேஸ்திரியிடம் போய்ச் சாயங்கால முறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள்.

"எல்லாரும் காலை முறை கேட்டு என் உயிரை எடுக்கறாங்க. நீ என்னடான்னா சாயங்காலம் கேக்கற. வீட்டுல யாரும் தேட மாட்டாங்களா?"

"காலையில வீட்டு வேலை இருக்குண்ணே" என்றாள்.

இப்போதெல்லாம் அவள் வந்து சேர எட்டு மணியாகிவிடும். படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் மூக்கு தானாக வேலை செய்யும். முதல் மாடியில் பீன்ஸ் வதங்குகிறது. இரண்டாவதில் பூசணி, கொஞ்சம் அடிபிடித்துவிட்டது. மூன்றாவதில் யாரோ கீரை கடைகிறார்கள். கதவுகளுக்குப் பின்னால் தட்டு வைக்கும் சத்தமும் பேச்சும் கேட்கும். சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கால் முட்டைக்கோஸை அரிய உட்காருவாள். முழுதாக வாங்கினால் அவளுக்கு நாலு நாள் வரும்.