இயந்திரப் பூச்சிப் படத்தில் அக்காவின் குரல்

பாளையம்பட்டியில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம் போடுகிற கம்ப்யூட்டரில்தான், யாரும் கேட்காமலேயே, அந்த அனிமேஷன் படத்தையும் செய்தேன். முறையாகக் கற்றதில்லை, எல்லாம் வீடியோ பார்த்துப் படித்தது. கதை இதுதான்: கட்டைவிரல் அளவில் இயந்திரப் பூச்சி ஒன்று வறண்ட கண்மாயில் விழுகிறது. மண்ணைத் தின்று தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்கிறது. அது இன்னொன்றை. திருச்சுழி ரோடு, பனைமரம், பஸ் ஸ்டாப் என்று எல்லாவற்றையும் தின்று தீர்த்த பிறகு ஒரே ஒரு பெண் மட்டும் மிச்சம்.

பூச்சி பெருகப் பெருக என் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. ஒரு நொடிப் படம் வெளியே வர அரை நாள் ஆனது. நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அதனால் அதை விட்டு நகராமல் அடைகாத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தில்தான், நரிக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அக்கா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். "தம்பி, என்னைய வந்து கூட்டிட்டுப் போடா. இதுக்கு மேல இவுக கையால அடி வாங்க ஒடம்புல தெம்பு இல்லடா." பைக்கில் போனால் ஒரு மணி நேரம். நான், "ரெண்டு நாள் பொறுக்கா, வாரேன்" என்று பதில் போட்டேன். பொறுக்கச் சொன்னேனாம், பூச்சி பெருகுகிறது என்று! தூ. அவள் பொறுக்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறித் தானாகவே வந்து சேர்ந்தாள். தெருவில் கேட்டவர்களிடம், "பிள்ளைய டவுனுல படிக்க வைக்கலாம்னு வந்தேன்" என்றாள். அடி வாங்கிய கதை ஒரு ஆளுக்கும் தெரியக்கூடாது. அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

படத்தில் அந்தக் கடைசிப் பெண்ணுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. மனைவியிடம் கேட்டேன். "அழுறதெல்லாம் எனக்கு வராது, ஆள விடுங்க" என்றுவிட்டாள். அப்புறம் நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. போனில் கிடந்த அக்காவின் பேச்சை எடுத்தேன். அடியைப் பற்றிச் சொன்னதை வெட்டிவிட்டு, முதல் வரியை மட்டும் படத்தில் ஒட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது பாருங்கள், அதுதான் அசிங்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் எங்கள் வீட்டு டிவியில் படம் பார்க்க வந்தார்கள். அக்கா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டு இருப்பாள், இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு மதினி அவளையும் இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டார். குரல் வந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏத்தா, இது ஒன் கொரலுல்ல?" என்றார் மதினி.

நான் முந்திக்கொண்டேன். "ஆமா மதினி, அக்காதான் நடிச்சுக் குடுத்தா." பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது எனக்கு!

"ஆத்தாடி! இம்புட்டுத் தெறமைய ஒளிச்சு வச்சிருந்தியா? எங்க, எங்களுக்கு ஒருக்கா செஞ்சு காட்டு."

அக்கா என்னைப் பார்த்தாள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்க ஆரம்பித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். எழுந்து நின்று, "தம்பி, என்னைய வந்து கூட்டிட்டுப் போடா" என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ இன்னொரு தடவை கேட்க, இன்னொரு தடவையும் செய்தாள். நானும் கை தட்டினேன். தட்டாவிட்டால் சந்தேகம் வருமே.

எல்லோரும் போன பிறகு டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொம்பளயக் கூட்டிட்டுப் போக யாரும் வரலியா?"

"இல்லக்கா. அதோட படம் முடிஞ்சிருது."

"படத்துலயாச்சும் நீ வந்திருக்கலாம்லடா."