கேட்டில் மாட்டிய முகம்

ஏன் எப்போதும் உங்கள் முகத்தையே வரைகிறீர்கள் என்று கேட்காத பத்திரிகைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. வரைந்ததை அரங்கில் மாட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே, படத்துக்குப் பக்கத்தில் நீங்களும் நடுரோட்டில் நிற்பது எதற்கு என்பது அடுத்த கேள்வி. மனசு நன்றாக இருந்தால் ஏதாவது சொல்லி அனுப்புவேன். பெரும்பாலும் நன்றாக இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு தகரப் பலகை. அதை முழுக்கச் சொல்ல நேரம் பிடிக்கும், கேட்க வருகிறவர்களுக்கோ வெளியே வண்டி காத்திருக்கும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதுவரை எங்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, அதற்குப் பிறகு பார்த்தவர்கள் எல்லோரும் சந்தேகமாகப் பார்த்தார்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை. அங்கிருந்து ஒரகடம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் காலனி. காலனிக்குப் பின்னால் மேட்டுக் கொல்லை. அதில் அம்மா வேர்க்கடலை போடுவாள், மழை ஏமாற்றினால் எதுவும் போடமாட்டாள். அதற்கு முந்தின வருஷம் அந்தக் கொல்லையையும் சேர்த்து வளைத்துத்தான் டிவிக்குள் வைக்கிற சின்னச் சின்னப் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்று வந்தது. நிலம் பேச வந்த புரோக்கர் வீட்டுக்கு ஒரு ஆளுக்குக் கம்பெனியில் வேலை நிச்சயம் என்று சத்தியம் செய்தார். அம்மா கொடுத்த தண்ணீரை மட்டும் தொடவில்லை. எங்கள் நிலத்தை வாங்கலாம், எங்கள் சொம்பை வாங்கக்கூடாது. அம்மா அதைக் கவனித்தாள், ஆனாலும் கைநாட்டு வைத்தாள். வேலை என்ற சொல்லுக்கு அப்போது அவ்வளவு கனம் இருந்தது.

எங்கள் வீட்டு ஆள் அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், பத்தாவது பாஸ். பெண் கேட்டு வந்தவர்களிடம் கம்பெனி வேலை கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அம்மா சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். கட்டடம் எழும்ப எழும்ப அக்காவின் பேச்சே மாறிப்போனது. ஷிப்ட், லைன், ஓ.டி. என்று பழைய ஆள் மாதிரி பேசுவாள். நான் கிண்டல் செய்தால், இரு, முதல் சம்பளத்தில் உனக்குத்தான் பிரஷ் வாங்கித் தரப்போகிறேன், வாயை மூடு என்பாள்.

ஆளெடுக்கக் கூப்பிட்ட அன்று சொம்பில் தணல் போட்டுத் தாவணியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு போனாள். கம்பெனி அதிகாரி அவளைப் படிக்கச் சொல்லவில்லை, எழுதச் சொல்லவில்லை. கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"வெளிநாட்டு பார்ட்டிங்க வந்து லைன் பாப்பாங்கம்மா. பொண்ணுங்க பளிச்னு இருந்தாதான் சரியா வரும். நீ வேற எங்கனா பாரு."

அவ்வளவுதான். மறைமலை நகர்ப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பஸ் வைத்துப் பெண்களைக் கூட்டி வரப்போகிறார்களாம். எங்கள் கொல்லையில் நின்றுகொண்டு எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நிறம் போதாது என்று சொல்ல ஒருவனுக்கு நாக்கு வந்தது. அக்கா இதைச் சொல்லும்போது அழவில்லை. நான்தான் அழுதேன். எனக்குக் கோபம் வந்தால் அழுகைதான் முதலில் வரும். அந்த வியாதி இன்றும் தீரவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. டிராயிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்துவிட்டு, கடைப் பலகைகளும் சுவர் எழுத்தும் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனிக் கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரி பக்கத்து ஊர்க்காரர். 'அபாயம்', 'புகை பிடிக்காதீர்' எல்லாம் என்னிடம்தான் எழுதி வாங்கினார். திறப்பு விழா நெருங்கியதும் ஒரு தகரத்தைக் கொண்டுவந்து போட்டார். முன் கேட்டுக்கு மேலே மாட்ட திருஷ்டி பொம்மை வேண்டுமாம்.

"நல்லா கன்னங்கரேல்னு போடும்மா. பல்லு வெளிய தெரியணும். பாக்கறவன் பயந்துக்கணும். மொதலாளி வூட்டம்மா ஸ்பெஷலா சொல்லிக்கீறாங்க."

உடம்பு முழுக்க எரிந்தது எனக்கு. உள்ளே லைனில் உட்கார ஆகாத கறுப்பு, வெளியே கேட்டில் காவலுக்கு ஆகிறது. இவர்கள் யார் கண்ணுக்குப் பயந்து பொம்மை மாட்டுகிறார்கள்? சுற்றுவட்டாரத்தில் அந்தக் கட்டடத்தை வயிறெரிந்து பார்க்கிறவர்கள் நாங்கள்தான். எங்கள் கண்ணை விரட்ட எங்கள் நிறத்திலேயே ஒரு பூதம் வேண்டும், அதையும் நானே எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதினேன். ரசம் போன கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து என் முகத்தையே எழுதினேன். கொம்பு வைக்கவில்லை, கோரைப் பல் வைக்கவில்லை, நாக்கைத் தொங்க விடவில்லை. என் நிறம், என் மூக்கு, மூடினாலும் முழுக்க மூடாத என் உதடு, அதற்குள் கொஞ்சம் தெரிகிற பல். கண் மட்டும் நேராகப் பார்த்தது. எனாமல் பெயின்டில் நான் எழுதிய முதல் மனுஷ முகம் அது. மேஸ்திரி வந்து பார்த்தார். பயமாத்தான் கீது என்று திருப்தியாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். இத்தனை நாள் என் எதிரில் நின்று பேசிய மனிதருக்கு அது என் முகம் என்று தெரியவில்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

திறப்பு விழா ஆவணியில், ஒரு நல்ல நாளில். யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். பலகையில் இருந்த அதே வண்ணத்தில் என் முகத்தை எழுதிக்கொண்டேன். விளக்குக் கரி, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளை, உதட்டில் சிவப்பு. போய்ப் பலகைக்கு நேர் கீழே, கேட்டுத் தூண் ஓரமாக நின்றேன். முதலாளி வரும்போது எல்லோர் எதிரிலும் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று முடிவு. அந்த வருஷம் கூட்டத்தில் ஒரு பெண் இப்படி வந்து நின்றால் போலீஸ் சும்மா விடுமா? வந்து பிடித்தார்கள். அப்போது மேஸ்திரி ஓடிவந்து, நம்ம ஆளுதான் சார், திருஷ்டிக்கு வந்துக்கீது என்று சொல்லி என்னை விடுவித்தார். பொய் சொல்லவில்லை அவர். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

கார் வந்தது. முதலாளி, அவர் மனைவி, அதிகாரி, ஐயர். பூசணிக்காயைப் பலகைக்குச் சுற்றினார்கள், பிறகு எனக்கும் சுற்றினார்கள். என் காலடியில் போட்டு உடைத்தார்கள். குங்குமத் தண்ணீர் என் பாவாடையில் தெறித்தது. நான் கேட்டேன்.

"சார், இந்த மூஞ்சி கேட்டுக்கு ஆவும்னா லைனுக்கு ஏன் ஆவாது? எங்க அக்காவுக்கு சொன்ன வேலை எங்க?"

காதில் விழாமல் இல்லை. நன்றாக விழுந்தது. முதலாளி மனைவி கைகூப்பினார். அதிகாரி கண் காட்ட, மேஸ்திரி வெற்றிலைத் தட்டை என் கையில் வைத்தார், தட்சணையோடு. பொம்மை பேசுவதும் வேடத்தில் சேர்த்தி என்று எடுத்துக்கொண்டார்கள். அடிக்கட்டும், ஜெயிலில் போடட்டும் என்று நினைத்து வந்தவளுக்கு வெற்றிலை பாக்கு. இத்தனை வருஷத்தில் என்னை எவ்வளவோ பேர் விரட்டியிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள். அந்தத் தட்டு தந்த அவமானத்தை வேறு எதுவும் தந்ததில்லை.

கூட்டத்திலிருந்து அக்கா வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. தோரணம் கட்டிய ஏணி இன்னும் தூணில்தான் சாய்ந்திருந்தது. ஏறினாள், பலகையைக் கழற்றினாள், இறங்கினாள். எல்லாம் நிதானமாக, மாடத்திலிருந்து விளக்கை எடுக்கிற மாதிரி.

கூட்டம் அப்படியே நின்றது. நல்ல நேரத்தில், பூசணி உடைத்த சூடு ஆறுமுன் திருஷ்டி பொம்மை இறங்குவதைவிட வேறு அபசகுனம் வேண்டுமா? முதலாளி மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அதிகாரி, மாட்டும்மா, நேரம் போகிறது என்று கெஞ்சினார். கையையும் முகத்தையும் பார்த்து அனுப்பிய அதே அதிகாரி.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "இது எங்க மூஞ்சி. வேலை குடுத்தா இங்க இருக்கும். இல்லன்னா வூட்டுக்கு வந்துரும்."

முதலாளி வேலை உண்டு என்றார். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அக்கா ஏணியில் ஏறித் தன் கையாலேயே பலகையை மாட்டினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குத் திட்டு. யாரைக் கேட்டு இப்படிப் பூசிக்கொண்டு வந்து நின்றாய், ஊர் சிரிக்க வேண்டுமா என்றாள். பிறகு கொஞ்ச தூரம் போனதும், என் மூக்கு அவ்வளவு பெரிசா என்று கேட்டாள். அது என் முகம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே முகம்தான், அம்மாவே சில சமயம் பேர் மாற்றிக் கூப்பிடுவாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

கொடுத்த வேலை என்ன தெரியுமா? கேன்டீனில் பாத்திரம் கழுவுவது. வருவதும் போவதும் குப்பை வண்டி நுழைகிற பின் கேட்டில். வெளிநாட்டு பார்ட்டி வருகிற நாளில் கழுவுகிற இடத்தை விட்டு வெளியே தலை காட்டக்கூடாது. வேலை கொடுத்தோம், சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம் என்று அதிகாரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். இதாவது கிடைத்ததே என்றாள் அம்மா. அக்கா போனாள். கை வெந்து ஊறித் திரும்பி வருவாள், ஷிப்ட், லைன் என்ற பேச்சே நின்றுபோனது. பத்தாவது பாஸ் செய்தவள், தன் நிலத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைவதுபோல் தினமும் சுற்றிக்கொண்டு போனாள். முன் கேட்டில் அவள் முகம் வருகிற போகிற எல்லோரையும் வரவேற்றது.

ஒரு நாள் காலையில், வா, வேடிக்கை பார்க்கலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பின் கேட்டுக்குத் திரும்பவில்லை. ஷிப்ட் பஸ்கள் வரும் நேரம். நேராக முன் கேட்டுக்குப் போய்ப் பலகைக்குக் கீழே நின்றாள். கரி இல்லை, சுண்ணாம்பு இல்லை. பச்சைத் தண்ணீரில் கழுவிய முகம்.

பின்னால் போ என்றார் வாட்ச்மேன். அக்கா விரலை மேலே காட்டினாள்.

"அவள மட்டும் முன்னால வெச்சிக்கினு கீறீங்க. நான் இன்னாத்துக்கு பின்னால போவணும்?"

முதல் பஸ் நின்றது. ஜன்னலோரப் பெண்கள் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், மறுபடி மேலே பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த பஸ், அதற்கு அடுத்தது. மறுநாளும் அக்கா நின்றாள், அதற்கு மறுநாளும். இறங்கி வந்த சில பெண்கள் கேட்டுக்குள் போகாமல் அவள் பக்கத்தில் நின்றுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். நான் பூசிக்கொண்டு நின்றபோது நடக்காதது, அவள் ஒன்றும் பூசாமல் நின்றபோது நடந்தது. என் தொழிலை நான் கற்றுக்கொண்டது அங்கேதான், வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை.

கடைசியில் அதிகாரியே கேட்டுக்கு வந்தார். இனி வேறு வழியில்லை, முன் கேட்டில் விட்டுத்தான் ஆகவேண்டும் என்று நான் நினைத்தேன். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டார், ஏணி போடச் சொன்னார். பலகையைக் கழற்றி அக்கா கையில் கொடுக்க வைத்துவிட்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினார்.

திருஷ்டி பட்டுக் கம்பெனியே கவிழ்ந்தாலும் அவர்களுக்குப் பரவாயில்லை, என் அக்கா அந்தக் கேட்டு வழியாக நடந்து உள்ளே போகக்கூடாது.