காலுக்கு மட்டும் மருந்து

எண்பதுகளில் எங்க வீட்டுக்காரர் விழுப்புரம்–திண்டிவனம் பஸ் ஓட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் ஆக்சிலேட்டரை மிதிப்பார். வலது குதிகாலில் மிளகளவு கருப்பு வந்தபோது, முள்ளு என்று அவராகவே முடிவு பண்ணி, பிளேடால் சுரண்டி எருக்கம்பால் வைத்தார். இந்த மனுஷன் டாக்டருக்குப் படித்திருந்தால் ஜில்லாவே காலியாகியிருக்கும். ஒரே வருஷத்தில் கருப்புக் கருப்பாகக் கட்டிகள் முழங்கால்வரை ஏறிவிட்டன.

தோலில் வந்த புற்று, தொடையோடு காலை எடுக்கணும் என்றார்கள் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில். உயிரைப் பற்றி இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தை மாசம் பொண்ணு கல்யாணம் சார். அப்பா அம்மா காலைக் கழுவிப் பாத பூஜை பண்ணிட்டுத்தான் மணையில குந்தும். நான் ஒத்தக் காலை எப்பிடி சார் நீட்டறது?"

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

பெரிய டாக்டர் யோசித்து வேறொரு வழி சொன்னார். தொடையில் இறுக்கிக் கட்டி, காலின் ரத்தத்தை மட்டும் தனியாக மெஷினில் சுற்றவிட்டு, அதில் சூடாக மருந்து கலப்பார்களாம். உடம்புக்குள் மருந்து போகாதாம். கட்டிகள் கரையலாம், கரையாமலும் போகலாம் என்றார்.

"நியூட்ரல்ல போட்டு இன்ஜினை மட்டும் ஓட வுடறீங்க," என்றார் இவர். டாக்டரும் தலையாட்டிவிட்டார். அப்புறம் இவரைப் பிடிக்க முடியுமா? வார்டு முழுக்க அதே விளக்கம்தான்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு கேட்டார். பத்தியம் என்றேன்.

"மருந்து காலுக்குத்தாண்டி. வாய்க்கு இன்னாத்துக்குப் பத்தியம்?"

கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடக்கிறது, வாதத்துக்கு மட்டும் குறைச்சலில்லை. சாப்பிடலாம் என்று நர்ஸம்மாவே சொல்லிவிட்டார். நான் கேட்டால்தானே.

வீக்கம் வடிந்தது, தோல் உரிந்தது, கட்டிகளும் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கால் தப்பித்தது.

தை மாசம் திண்டிவனம் மண்டபத்தில் இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து, பித்தளைத் தாம்பாளத்தில் கால் வைத்தோம். பொண்ணு குனிந்து, முதலில் அவர் வலது காலில் பால் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவருக்குக் கண் நிறைய தண்ணீர், எதிரில் எதுவும் தெரிந்திருக்காது. என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலியாடி? கால்ல ஈரமே தெரியலியே."

"கழுவிக்கினுதான் இருக்கா," என்றேன்.