துவர்த்து போர்த்திய மீட்டர்

களியக்காவிளை செக்போஸ்ட் வரிசையில் லாரி நின்றதும் ததேயுஸ் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டை உருவுவார். வியர்வை துடைக்கப் போகிறார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவரோ அதை நான்காக மடித்து, டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் காட்டும் மீட்டரின் மேல் தொங்கவிடுவார். ஓரம் விலகி முள் தெரிந்தால் இழுத்துச் சரிசெய்வார். பிறகு ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி வெளியே வேடிக்கை பார்ப்பார்.

துவர்த்துக்கு அடியில் முள் சிவப்புக் கோட்டில் படுத்திருக்கும். வண்டி வேகம் பிடித்தால் கொஞ்சம் எழும்பும். நின்றால் மறுபடி படுத்துவிடும். காலையில் கதை வேறு. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் விடிந்தும் விடியாமலும் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் குளிர்ந்து, ஆயில் கெட்டியாக இருக்கும்; முள் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். அப்போது மீன்பெட்டி ஏற்றுகிறவர்களை எல்லாம் கேபினுக்குள் தலையை நீட்டிப் பார்க்கச் சொல்வார். "பாத்தியா மக்கா, முள்ளு நிக்குத நிப்ப? இதுக்கா கேடுண்ணு சொல்லுதிய?" பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்பார்கள். ததேயுஸ் பூனையைவிட ஒரு படி மேலே போனவர், பூலோகத்தையே மூடத் தோளில் துணி வைத்திருக்கிறார்.

மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டிய இளமையெல்லாம் உருகி இந்த வண்டியாக நிற்கிறது. வாங்கும்போதே பழைய வண்டிதான். நெற்றியில் 'ஷீஜா' என்று மகள் பெயரை எழுதினார். மகள் கல்யாணமாகிக் குவைத்துக்குப் போய்விட்டாள். லாரி மட்டும் அப்பனை விட்டுப் போகாமல் கொல்லத்துக்கும் கொச்சிக்கும் மீன் சுமக்கிறது. வீட்டில் அடுப்பு எரிவது இதை நம்பித்தான். அதற்கு ஏதோ நோய் என்று யாராவது சொன்னால் அவர் பயந்துவிடுவார். அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. பயத்துக்கு அவர் பார்க்கும் வைத்தியத்தைத்தான் சிரிக்காமல் சொல்ல முடியவில்லை.

முதலில், மீட்டர் கள்ளம் சொல்கிறது என்று தீர்ப்பளித்தார். புது மீட்டர் மாட்டினார்கள். அதுவும் பழையது சொன்னதையே சொன்னது. அதையும் கழற்றி இன்னொன்று மாட்டினார்கள். கழற்றியவை எல்லாம், உண்மை சொன்னதற்காகத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றலான அதிகாரிகளைப் போல, சீட்டுக்கு அடியில் கிடக்கின்றன.

அடுத்து வந்தவன் பக்கத்து வீட்டு அபினேஷ். தோஹாவில் ஏசி பழுது பார்த்துவிட்டு வந்தவன். ஃபேன் சுற்றாவிட்டாலும் சென்சார், கோழி முட்டையிடாவிட்டாலும் சென்சார் என்பது அவன் கண்டுபிடிப்பு. ஆயில் பிரஷர் சென்சாரையும் மாற்றினார்கள். முள் அசையவில்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று கட்டி ஆயில் ஊற்றினார். முள் சற்றே நிமிர்ந்தது. துறைமுகம் முழுக்கப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். பழம்பொரி செரிப்பதற்குள் முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவதால்தானே முள் இறங்குகிறது? ஸ்லோவை, அதாவது நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை, ஏற்றி வைத்துவிட்டார். அன்றிலிருந்து 'ஷீஜா' நின்ற இடத்திலேயே மலையேறுகிற மாதிரி அலறும். டீக்கடையில் சாயா கேட்கிறவன் கையைக் காட்டித்தான் கேட்க வேண்டும். ஏன் இந்தச் சத்தம் என்றால், எஞ்சினுக்கு ஆரோக்கியம் கூடிப்போச்சு என்பார். அலறலுக்கு அடியில் டொக் டொக் என்று இன்னொரு சத்தம் தொடங்கியபோது, பாட்டுப்பெட்டியின் ஒலியைக் கூட்டினார்.

இதே மனிதர் மீன் வாங்குவதைப் பார்க்க வேண்டும். வீட்டுக் குழம்புக்கு ஒரு சூரை எடுத்தாலும் விற்கிறவள் சத்தியம் செய்வதைக் காதில் வாங்கமாட்டார். கட்டைவிரலால் செவுளைத் தூக்குவார், இரண்டு விரலால் தேய்ப்பார், முகர்ந்து பார்ப்பார். ஒரு பொட்டு நிறம் மங்கியிருந்தாலும் பேசாமல் குவியலிலேயே வீசிவிட்டு நடப்பார். "கண்ணு பளபளண்ணு இருக்கும், ஏமாந்துராத. செவுளத் தூக்கு" என்று கண்டவருக்கெல்லாம் உபதேசமும் செய்வார். எஞ்சினுக்குச் செவுள் உண்டு என்று மட்டும் அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

விக்டோரியா அவர் மனைவி. ஏலத்தில் மீன் எடுத்து இந்த லாரியில்தான் கொல்லத்துக்கு அனுப்புவாள். டொக் டொக்கை முதலில் கேட்டவள் அவள்தான். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொன்னபோதெல்லாம் திருவிழா முடியட்டும், மழை முடியட்டும், கிறிஸ்மஸ் முடியட்டும் என்று ததேயுஸ் தவணை சொன்னார். ஒரு நாள் காலை, துறைமுகமே பார்த்துக்கொண்டிருக்க, அவள் தன் பெட்டிகளை அடுத்த லாரியில் ஏற்றச் சொன்னாள்.

"எனக்க மீனு இனி இந்த வண்டில ஏறாது. நடுவழியில நிண்ணா மீனும் போவும், வண்டியும் போவும்."

கட்டின பெண்டாட்டியே ஏற்றாத வண்டியில் வேறு யார் ஏற்றுவார்கள்? ஊர் வாயை மூட உலைமூடியும் கிடையாது. மூடுவதற்கு ததேயுஸிடம் இருப்பது ஒரே ஒரு துவர்த்து. அன்றைக்கே வண்டியைக் கருங்கல் ஊரிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார். நோயைக் கண்டுபிடிக்க அல்ல, நோய் இல்லை என்று நிரூபிக்க. சாட்சிக்கு அபினேஷையும் ஏற்றிக்கொண்டார். விக்டோரியா யாரும் கூப்பிடாமலே ஏறிக்கொண்டாள்.

கருங்கல்லில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சிவபிரசாத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி வந்தாலும், இதை முன்னால் தொட்டது எந்தப் பாவி என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பார். அன்றும் கேட்டார். மீட்டரை எல்லாம் மாட்டியது நீதானே என்று ததேயுஸ் சொன்னதும், தொண்டையைச் செருமிக்கொண்டு வேலையில் இறங்கினார். ஏற்றிவைத்த ஸ்லோவை இறக்கினார். எஞ்சின் சூடாகும்வரை ஓடவிட்டு நிறுத்தி, சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் ஒரு குழாயை முடுக்கினார். குழாயின் மறுமுனையில் தனி மீட்டர். டேஷ்போர்டோடு அதற்கு எந்த உறவும் இல்லை, அது ஆயிலின் அழுத்தத்தை நேராக வாங்கிக் காட்டும்.

மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். ததேயுஸ் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு நின்றார். தனி மீட்டரின் முள் எழும்பப் பார்த்தது, முடியாமல் சிவப்புக் கோட்டில் வந்து படுத்தது. சீட்டுக்கு அடியில் கிடந்தவை எல்லாம் இத்தனை நாள் சொன்ன அதே இடம். அபினேஷ், இதிலும் சென்சார் போயிருக்கலாம் என்று தொடங்கி, இதில் சென்சாரே இல்லை என்று தெரிந்ததும் சாயா குடிக்கப் போய்விட்டான்.

"உனக்க மீட்டரும் கள்ளம். சவத்தக் கழத்து" என்றார் ததேயுஸ்.

சிவபிரசாத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னார். ஆயில் பம்பு தள்ளத்தான் செய்கிறது; பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கும், சூட்டில் இளகிய ஆயில் அந்த வழியே ஒழுகிவிடுகிறது, அப்புறம் அழுத்தம் எங்கே நிற்கும்? இப்போதே நிறுத்தினால் பேரிங் மாற்றுவதோடு போகும். இன்னும் ஓட்டினால் பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் தண்டே போய்விடும். "கிராங்க் போனா பின்ன பழைய இரும்புக் கடைதான் அண்ணே. இதுக்கு வேற கிராங்க் தேடி நான் எங்க போவேன்?"

அதைக் காதில் வாங்காமல் நின்றார் ததேயுஸ். வாயால் சொன்னதை அவர் என்றைக்கு நம்பியிருக்கிறார்? அதை நன்றாக அறிந்தவள் விக்டோரியாதான். ஆயில் ஃபில்டரைக் கழற்றி வயிற்றைக் கீறச் சொன்னாள். சிவபிரசாத் தகரம் வெட்டும் கத்திரியால் அதை இரண்டாகப் பிளந்தார். உள்ளே மடிப்பு மடிப்பாகத் தாள், கறுத்த ஆயிலில் ஊறிக் கிடந்தது. அவள் அதை வாங்கிக் கணவன் முன்னால் நீட்டினாள்.

"செவுள நீங்களே தூக்கிப் பாருங்க."

அவர் கட்டைவிரல் தானாகவே நீண்டது. ஒரு மடிப்பைத் தூக்கினார். கறுப்புக்குள், பேரிங்கிலிருந்து உதிர்ந்த செம்புத் தூள் மினுங்கியது. இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தார். நரநரவென்றது. பழக்க தோஷத்தில் முகர்ந்தும் பார்த்தார். மீன் என்றால் குவியலில் வீசிவிட்டு நடந்திருக்கலாம்.

கேபினில் ஏறினார். அண்ணே, ஃபில்டர் இல்லாமல் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள் என்று சிவபிரசாத் பதறினார். ததேயுஸ் தோளிலிருந்து துவர்த்தை உருவி நான்காக மடித்தார். கை வழக்கம்போல மீட்டரை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. மடிப்பை விரித்தார். சீட்டில் சாய்ந்து, தன் முகத்தின் மேல் அதைப் போர்த்திக்கொண்டார்.

விக்டோரியா கதவோரம் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அதில் சாவி இருந்தது.