அம்மா தன் அளவுக்கு வெட்டிக்கொண்ட துப்பாக்கி

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கான இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரியப்பா, அதாவது என் அப்பாவின் அண்ணன், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அம்மாவின் பக்தியை எழுது, பொறுமையை எழுது, வந்தவர்களுக்கெல்லாம் வயிறு நிறையச் சோறு போட்டதை எழுது, அந்தத் துப்பாக்கிக் கதையை மட்டும் விட்டுவிடு, நாலு பேர் படிக்கிற விஷயம் என்றார். நாலு பேர் படிக்கத்தானே மலர் போடுகிறோம்? ஆகவே அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். பெரியப்பாவும் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மற்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பக்தி உண்டு. அது அவருக்கும் சாமிக்கும் நடுவில் உள்ளது, நான் தலையிட மாட்டேன். பொறுமை கிடையாது. தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டில் இரண்டாவது முறை குறை சொன்னால் துணியைக் கையில் திணித்து வேறு கடை பார்க்கச் சொல்லிவிடுவார். சோறு போட்டது உண்மை. ஆனால் சாப்பிட்டுவிட்டு அவருக்கே புத்தி சொன்னவர்கள் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மா பிறந்தது புவனகிரிக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரையில் ஒரு சிற்றூர். நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பம். ஆற்றில் வெள்ளம் ஏறிய வருஷங்களில் வீட்டில் அரிசியே இருக்காது என்பார். பத்தாவது முடித்ததும் மேலே படிக்க வைக்கவில்லை. அழுது பார்த்தார், பிறகு அழுகையை நிறுத்திவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறி, வடக்கு வீதியில் ஒரு தையல் கடையில் வேலை கற்றார். கல்யாணமாகிக் கடலூர் முதுநகர் வந்த பிறகு வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பெண்களில் அம்மா தைத்த ஜாக்கெட் போடாதவர்கள் குறைவு.

அவர் தையலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஜாக்கெட்டாக இருந்தாலும் பக்கவாட்டுத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விட்டுவிடுவார். உடம்பு போட்டால் தையலைப் பிரித்து அகலமாக்கிக்கொள்ளலாம். துணியைக் கொடுக்கும்போது, "உள்ள துணி வுட்டிருக்கேன், பிரிச்சிக்கலாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். உங்களிடமும் சொல்லியிருப்பார்.

அப்பா பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். ரைபிள் கிளப்பில் உறுப்பினர். லைசென்ஸ் எடுத்து ஒரு பாயிண்ட் டூ டூ ரைபிள் வைத்திருந்தார். சிறிய தோட்டா போடுவது, ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஓர் அட்டையைச் சுடுவதற்கான துப்பாக்கி. ஞாயிற்றுக்கிழமை கிளப்பிலிருந்து வந்ததும் அதைத் துடைப்பார். அம்மா எண்ணெய்த் துணியை எடுத்துக் கொடுப்பார். கொடுத்ததோடு சரி, துப்பாக்கியைத் தொட்டதில்லை. தொடலாம் என்று அப்பாவும் சொன்னதில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ரைபிளைச் சட்டப்படி கடலூர் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுத்த கையோடு பெரியப்பா பேச்சை எடுத்தார். ஆம்பிளை இல்லாத வீட்டில் துப்பாக்கி எதற்கு, என் பையன் பேருக்கு மாற்றிவிடலாம், தம்பி பொருள் குடும்பத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றார். நானும் அம்மாவும் அந்தக் குடும்பத்தில் இல்லையா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. மறு வாரம் கலெக்டர் ஆபீஸுக்குப் போய், வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கே லைசென்ஸ் கேட்டு மனுக் கொடுத்துவிட்டு வந்தார்.

விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், காபி குடித்தார். கேட்கத் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"துப்பாக்கி ஒங்களுக்கு எதுக்கும்மா?"

"சுடுறதுக்குத்தான்."

"யார?"

"அட்டய."

அவர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. பல மாத அலைச்சலுக்குப் பிறகு லைசென்ஸ் வந்தது.

வந்தபின்தான் உண்மையான சிக்கல். கிளப்பில் படுத்துத் தோளில் வைத்தால் விரல் விசைக்கு எட்டவில்லை. அப்பா ஆறடி, அம்மா அவருடைய தோளுக்குக்கூட வரமாட்டார். புடவையோடு குப்புறப் படுக்கவும் முடியவில்லை. புடவைக்கு அன்று மாலையே தீர்வு கிடைத்தது, தனக்கு ஒரு சுடிதார் தைத்துக்கொண்டார். துப்பாக்கியை மடியில் போட்டு இஞ்சு டேப்பால் அளந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இது ஒங்க அப்பாவுக்குத் தெச்ச சட்ட. நான் எப்பிடிப் போட்டுக்கறது? ஆல்டர் பண்ணணும்."

இரும்புக் குழாயைத் தொட்டால் குற்றம், தோளில் வைக்கும் மரக் கட்டையைக் குறைக்கலாம் என்று துப்பாக்கிக் கடைக்காரரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டார். பிறகு இரும்பை வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கட்டையை மட்டும் கழற்றி ஜாக்கெட் துணிப் பையில் வைத்துச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். அங்கே அவருக்குத் துணி வெட்டும் மேசை செய்து கொடுத்த ஆசாரி ஒருவர் இருந்தார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கட்டை குட்டையாகியிருந்தது. அதன் பின்முனையில் ரப்பர் ஒன்று பொருத்தியிருந்தார்கள். வெட்டிய துண்டும் பையிலேயே வந்தது.

செய்தி தெரிந்து பெரியப்பா வந்தார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. தம்பி ஆசையாக வாங்கிய பொருளை இப்படிச் சிதைக்கலாமா, அந்தத் துண்டைத் திரும்ப ஒட்ட முடியாதா என்று கேட்டார்.

"வெட்டுனது வெட்டுனதுதான் மாமா. இனிமே ஒட்டாது" என்றார் அம்மா. சொல்லிவிட்டு அந்தத் துண்டை எடுத்துப் போய், கடல் காற்றில் எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும் எங்கள் சமையலறைக் கதவுக்கு முட்டாக வைத்தார். அன்று முதல் அது அங்கேதான் கிடந்தது. வீட்டுக்கு வந்த நீங்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போயிருப்பீர்கள்.

அடுத்தது கண். ஊசி கோக்கும்போது வந்த தொல்லை இங்கேயும் வந்தது. கண்ணாடி போட்டால் குழாய் நுனியில் உள்ள குறிமுள் தெரிந்தது, அட்டை மங்கியது. கழற்றினால் அட்டை தெரிந்தது, முள் மங்கியது. ஸ்கோப் மாட்டினால் தீர்ந்துவிடும் என்றார்கள். ரைபிளின் மேல்புறத்தில் அதற்கென்றே இரண்டு காடிகள் முதலிலிருந்தே இருந்தன. வெறுங்கண்ணால் சுடுவதுதான் வீரம் என்று அப்பா அவற்றைச் சீண்டியதே இல்லை. அம்மாவுக்கு அந்த வீரமெல்லாம் தேவைப்படவில்லை. ஸ்கோப்பை வாங்கி இரண்டு வளையங்களில் உட்கார வைத்து, படுத்தபடியே முன்னும் பின்னும் நகர்த்தி, ஓரக் கறுப்பு மறைந்து வட்டம் முழுதாகத் தெரிந்த இடத்தில் திருகுகளை முடுக்கினார். ஸ்கோப் உயரமாக நின்றதால் கன்னம் கட்டையில் படியவில்லை. சோபா தைத்த மிச்ச ரெக்ஸினில் பஞ்சு வைத்து ஒரு சின்னத் திண்டு தைத்துக் கட்டையில் கட்டினார். துப்பாக்கி வாரையும் அவரே தைத்தார், என் பழைய ஸ்கூல் பையின் பட்டையில்.

ஒருமுறை பெரியப்பாவின் மகன், என் அண்ணன், கிளப்புக்கு வந்து அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். மூக்கில் கட்டைவிரல் இடித்தது. ஸ்கோப்பில் முக்கால்வாசி கறுப்பாகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் துப்பாக்கியைக் கேட்கவில்லை.

ஆனாலும் முதல் சில வாரங்கள் குண்டு போன இடம் எதுவும் சரியில்லை. காலையில் அட்டையின் நடுவில் பட்டது, கொஞ்ச நேரத்தில் ஓரத்துக்கு ஓடியது. பக்கத்தில் படுத்தவர்கள், மேடம், உங்கள் அட்டை உங்களுக்கு நேரே இருப்பது என்று கிண்டல் செய்தார்கள். தன் கைதான் ஆடுகிறது என்று நினைத்து அம்மா காபியைக்கூட நிறுத்தினார். கடைசியில் பார்த்தால் வளையத்தின் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. திருகை முடுக்கி, அதன் தலையிலிருந்து வளையம் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிட்டால், திருகு அசைந்ததும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும் என்று கிளப்பில் ஒருவர் சொன்னார். அம்மா பஜாரில் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி வந்து கோடு இழுத்து, பாட்டிலைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார்.

அப்பாவின் தங்கையான என் அத்தை அதைப் பார்த்துவிட்டார். புருஷன் போன வீட்டில் சிவப்பு நெயில் பாலிஷ். கேட்க வேண்டுமா? சொந்தக்காரர்கள் இருக்கும் அண்ணாகிராமம் வரை பேச்சுப் போனது. விளக்கம் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னேன். யாருக்கு எதற்கு விளக்கம் என்றார் அம்மா. அடுத்த முறை அத்தை வந்தபோது அவர் எதிரிலேயே உட்கார்ந்து பத்து விரலுக்கும் நிதானமாகப் பூசிக்கொண்டு, "திருவுக்குப் போட்டது போவ மிச்சம் நெறைய இருக்கு. காஞ்சி போவறதுக்கு முன்ன போட்டுக்கறேன்" என்றார். அதன் பிறகு கடைசி வரை அம்மாவின் விரல்களில் அந்தச் சிவப்பு இருந்தது. நம் வீட்டுக் கல்யாணப் படங்களை எடுத்துப் பாருங்கள்.

அம்மா என்ன பதக்கம் வாங்கினார் என்று கேட்பவர்களுக்கு ஒன்றுமில்லை என்பதே பதில். மாவட்டப் போட்டிகளில் நடுவில் எங்கேயாவது வருவார். தேர்தல் வந்தால் விதிப்படி ரைபிளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், ஸ்கோப் மேல் எதையும் சாய்த்துவிடாதீர்கள் என்று எச்சரிப்பார், முடிந்ததும் வாங்கி வந்து முதலில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்ப்பார். ஞாயிறு தவறாமல் கிளப்புக்குப் போவார். இதில் என்னதான் இருக்கிறது என்று நானே ஒருநாள் கேட்டேன்.

"அந்த வட்டத்துக்குள்ள அட்ட மட்டுந்தாண்டி தெரியுது. ஒரு சொந்தக்காரனும் தெரியல" என்றார்.

சொந்தக்காரர்கள் மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் அவர் சொன்னது இதுதான்.

அவர் நோயைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்த கடைசி மாதங்களில் துப்பாக்கியைத் தூக்கும் பலம் போய்விட்டது. ஒருநாள் மதியம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, தனக்குப் பிறகு ரைபிளை யாருக்கும் கொடுக்கக்கூடாது, உன் பேருக்கு லைசென்ஸ் கேட்டு நீ எழுதிப் போடு என்றார். போட்டு என்ன செய்ய, எனக்கு அந்தக் கட்டை பத்தாதே என்றேன். நான் அப்பா உயரம்.

"அடுப்படிக் கதவுக்கு முட்டு குடுத்திருக்கோமே, அதத் தூக்கிப் போட்டுடாத. அப்பவே ரெண்டு ஓட்ட போட்டு வாங்கியாந்தேன். நீ ஒசரமா வருவேன்னு தெரியும். ரப்பரக் கழட்டிட்டு நீட்டுத் திருவு போட்டா சேந்துக்கும். பிரிச்சிக்கலாம்."

ஒட்டாது என்று பெரியப்பாவிடம் சொன்னது பச்சைப் பொய். அத்தனை வருஷம் அந்தத் துண்டில் இரண்டு ஓட்டைகளை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம், எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அம்மா, கஞ்சி ஆறுகிறது என்று அதட்டினார்.

அம்மாவின் பதினாறாம் நாள் பெரியப்பா அதே பேச்சை எடுத்தார். கட்டையைத்தான் வெட்டியாயிற்று, உனக்கும் உதவாது, கொடுத்துவிடு, பையன் புதுக் கட்டை போட்டுக்கொள்வான் என்றார். நான் அம்மாவைப் போல வாயை மூடிக்கொண்டேன். மறு வாரம் கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். வேறு ஒரு போலீஸ்காரர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். நானும் அட்டையைச் சுடத்தான் என்றேன்.

இனி நன்றி. ஆஸ்பத்திரியில் அம்மாவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும், ஞாயிறுதோறும் வந்து கிளப் கதைகளைச் சொல்லிவிட்டுப் போன நண்பர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. அத்தைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாவோடு ஆஸ்பத்திரியில் அதிகம் தங்கியவர் அவர்தான். விரலில் மாட்டும் கருவிக்காக நெயில் பாலிஷைத் துடைக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னபோது, ஒரு விரலில் எடுத்தால் போதாதா என்று சண்டை போட்டு மற்ற ஒன்பதையும் காப்பாற்றியவரும் அவர்தான். பெரியப்பா பந்தல் முதல் பால் தெளிப்பது வரை இந்த வயதிலும் ஓடியாடிச் செய்தார். அதற்கு என் வணக்கமும் நன்றியும் அவருக்கு உண்டு. துப்பாக்கி கிடையாது.

லைசென்ஸ் போன மாதம் கைக்கு வந்தது. கட்டையையும் கதவுக்கு முட்டாக இருந்த துண்டையும் ஜாக்கெட் துணிப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் போய், அதே ஆசாரியிடம் இரண்டு நீட்டுத் திருகு போட்டு வாங்கி வந்தேன். ரம்பம் தின்ற மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது, மற்றபடி என் தோளுக்குச் சரியாக இருக்கிறது. திருகுகளின் மேல் சிவப்புக் கோடும் இழுத்தாயிற்று. நினைவு நாளன்று வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் சமையலறைக் கதவு காற்றில் படார் படாரென்று அடிப்பதைக் கேட்பீர்கள். யாரும் எழுந்து போய் எதையும் முட்டாக வைக்க வேண்டாம். அடிக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மாவின் மகள்